நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவருக்கு நெட் வேண்டும்: பழைய லேப்டாப்பில் என்ன செய்வது?

கேள்வி: 2012-இல் வாங்கிய லேப்டாப். கடையில் பில் போடும் மென்பொருள் விண்டோஸ் 7-இல்தான் ஓடும் என்பதால் அதையே புதிதாகப் போட்டேன். இப்போது வை-ஃபையும் இல்லை, கேபிள் செருகினாலும் நெட் வரவில்லை. டிரைவர் சிடி தொலைந்துவிட்டது. கம்பெனி தளத்தில் என் மாடலுக்கு மூன்று வை-ஃபை டிரைவர்கள் காட்டுகிறது. எதை எடுக்க வேண்டும்?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு விடுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு லாட்டுக்கு ஒரு நிறுவனத்தின் வை-ஃபை கார்டும், அடுத்த லாட்டுக்கு வேறொன்றும் போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு கார்டையும் விண்டோஸ் இயக்க அதற்கென்று ஒரு மென்பொருள், அதாவது டிரைவர், வேண்டும். அதனால்தான் மூன்று டிரைவர்கள். நானும் முன்பு ஒரு லேப்டாப்புக்கு மாடல் பெயரை மட்டும் நம்பி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் கார்டின் அடையாள எண்ணைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதைப் பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் மெனுவில் 'கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்', அப்புறம் 'டிவைஸ் மேனேஜர்'. அங்கே 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு சில பெயர்கள் நிற்கும். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்றால் கேபிள் செருகும் போர்ட்; 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்றால் பெரும்பாலும் வை-ஃபை. ஒன்றை டபுள் கிளிக் செய்து, 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான வரிகள் வரும். முதல் வரியில் 'விஇஎன்' என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதெரோஸ். 'டிஇவி' என்பதை அடுத்து வரும் நான்கும் சிப்பைச் சொல்லும். ரியல்டெக்கில் 8168 வந்தால் கிகாபிட் போர்ட், 8136 வந்தால் 100 எம்பிபிஎஸ் போர்ட். அந்த வரியை அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் டவுன்லோட் செய்யும் முன் சி டிரைவைத் திறந்து பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் போட்டிருந்தால் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கும். முன்பு ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன: விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று உள்ளே போக வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ளதை ரைட் கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', பிறகு 'ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக் இருக்கட்டும். பழைய விண்டோஸும் புதியதும் ஒரே பிட் (இரண்டும் 32 அல்லது இரண்டும் 64) என்றால் பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

ஃபார்மட் செய்துவிட்டீர்களா? சரி, வேறொரு கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். கம்பெனி தளத்தில் உள்ள மூன்றில் உங்கள் தயாரிப்பாளர் பெயர் உள்ளதை எடுங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்பது, 'கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் தெரியும். தளத்தில் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அந்த ஐடியின் விஇஎன், டிஇவி பகுதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். அங்கே வருவது கேப் ஃபைல், அதாவது சுருக்கிக் கட்டிய ஃபைல். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளால் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, மேலே சொன்னபடியே அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். முதலில் கேபிள் போர்ட்டின் டிரைவரைப் போடுங்கள். அது வேலை செய்துவிட்டால் வை-ஃபையை நிதானமாகப் பார்க்கலாம்.

பென்டிரைவ் செருகியும் ஒன்றும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3 டிரைவர் கூடவே வருவதில்லை. நீல நிற போர்ட் அதனால் செத்துக் கிடக்கும். கறுப்பு போர்ட்டில் செருகுங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் 'யுஎஸ்பி டெதரிங்' போட்டும் பாருங்கள். பல போன்களுக்குத் தனி டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும்.

டிரைவர் போட்ட பிறகு 'கோட் 52' என்று வந்தால், டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். புதிய டிரைவர்களில் உள்ள எஸ்எச்ஏ-2 என்ற புது வகைக் கையெழுத்து, அப்டேட் ஆகாத விண்டோஸ் 7-க்குப் புரியாது. அதே சிப்புக்கான பழைய பதிப்பை எடுங்கள், அல்லது கேபி4474419 என்ற அப்டேட்டை முதலில் போடுங்கள். அதற்கு விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் ஏற்கனவே இருக்க வேண்டும்.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைப் பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். டிரைவரோடு வேண்டாத பல புரோகிராம்களும் சேர்ந்து வரும். கணக்கு வழக்கு இருக்கும் இடம் அது.

மஞ்சள் குறியே இல்லாமல், நெட்வொர்க் கார்டும் பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் பிரச்சினை இல்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) அது அணைந்திருக்கலாம், அல்லது உள்ளே கார்டு லூசாகியிருக்கலாம்.

நெட் வந்ததும் முதல் வேலையாக, இப்போதைய விண்டோஸுக்குள் இருக்கும் அந்த ஃபைல்ரெப்பாசிட்டரி ஃபோல்டரை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள். தொலைந்த சிடியின் வேலையை இனி அது செய்யும்.