மச்சான் சொன்ன லாபக் கணக்கை நம்பி பங்கு வாங்கலாமா?

கேள்வி: என் மனைவியின் தம்பி, பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். "இந்தக் காலாண்டு லாபம் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு, ரிசல்ட் வர இன்னும் பத்து நாள் இருக்கு" என்றார். மனைவியின் டீமேட் கணக்கில் 200 பங்கு வாங்க நினைக்கிறேன். நான் அங்கே வேலை செய்யவில்லையே, இது இன்சைடர் டிரேடிங் ஆகுமா?

பதில்: ஆகும். வாங்காதீர்கள்.

அங்கே வேலை செய்பவர்தான் 'இன்சைடர்' என்று பலரும் நினைக்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் 2015-ம் ஆண்டு விதிமுறைப்படி, விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவல் யார் கையில் இருக்கிறதோ அவரே இன்சைடர். காலாண்டு முடிவு, டிவிடெண்ட், நிறுவன இணைப்பு எல்லாம் அந்த வகை. மச்சான் சொல்லி முடித்த நிமிடமே நீங்களும் அதில் சேர்ந்துவிட்டீர்கள். வாங்கினாலே குற்றம், விற்று லாபம் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

மனைவி பெயரில் வாங்குவது இன்னும் மோசம். காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் வரை, இத்தகைய தகவல் புழங்கும் ஊழியர்களுக்கு டிரேடிங் விண்டோ மூடியிருக்கும், அதாவது அவர்கள் தம் நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. ரிசல்ட்டுக்கு முன் வாங்கியவர்களின் பான் எண்களைச் சந்தையின் கண்காணிப்புப் பிரிவு அலசும்போது, அக்காவின் பெயரிலிருந்து தம்பியைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது.

அபராதத்தைப் பாருங்கள். செபி சட்டம் 15ஜி பிரிவில் குறைந்தபட்சமே 10 லட்சம் ரூபாய். உச்சம் 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. 200 பங்கில் சில ஆயிரம் கிடைக்கலாம். அதற்கு இந்த விலையா?

மச்சானுக்கும் ஆபத்துதான். தகவலைச் சொல்வதே தனிக் குற்றம். அமெரிக்காவில் 2008-ல், கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 500 கோடி டாலர் போடப்போவதை, அந்த வங்கியின் இயக்குநர் ரஜத் குப்தா, முதலீட்டு ஃபண்ட் நடத்திவந்த, கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினத்திடம் சொன்னார். வாங்கியது ராஜரத்தினத்தின் ஃபண்ட். சொன்ன குப்தாவுக்கும் 2 ஆண்டு சிறை.

ரிசல்ட் பங்குச்சந்தைகளான என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களில் வந்த பிறகு அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்றால் மச்சானுக்கு விண்டோ திறக்கும்வரை பொறுங்கள். அந்தப் பங்கு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதுவரை விற்கவும் கூடாது. இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பினால், மச்சான் செய்த அதே தவறை நீங்களும் செய்தவர் ஆவீர்கள்.