டீசல் என்ஜின் ஏன் ஆக்ஸ்பர்க் நகரத்தில் உருவானது?

தீப்பொறி இல்லாமல், அழுத்திச் சூடாக்கிய காற்றிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதுதான் டீசல் என்ஜின். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சூடாகும். பம்பில் கை சுடுகிறது. அதைவிடப் பல மடங்கு அழுத்தினால் எண்ணெயே பற்றிக்கொள்ளும்.

சரி, இதற்கு ஏன் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்? இந்த என்ஜினைக் கண்டுபிடித்த பொறியாளர் ருடால்ஃப் டீசலிடம் முதலில் இருந்தது காகிதத்தில் எழுதிய கணக்கு மட்டுமே. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டரை வார்க்கவும் கடையவும் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். நீராவி என்ஜின்களும் அச்சு இயந்திரங்களும் செய்து பழகிய ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் அவர்கள் இருந்தார்கள். அதன் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் பூட்ஸ் இடம் கொடுத்தார். செலவில் எஸ்ஸன் நகரத்து க்ருப் நிறுவனமும் பங்கெடுத்தது. 1893 ஆகஸ்ட் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அதற்கு அப்புறமும் பூட்ஸ் கைவிடவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதையில் டீசலுக்குச் சமமான பெருமை அந்தப் பொறுமைக்கும் உண்டு.

1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது, எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதம் உழைப்பாக மாறியது. அன்றைய நீராவி என்ஜின்கள் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அந்தத் தொழிற்சாலைதான் பின்னாளில் லாரிகளுக்குப் பெயர்பெற்ற எம்.ஏ.என். நிறுவனம் ஆனது.

முதல் டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்று பலரும் நம்புகிறார்கள். அது 1900 பாரிஸ் கண்காட்சியில் நடந்தது, 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓடியது மண்ணெண்ணெயில்.