ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும்?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. 'ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகலாம்' என்று புதன்கிழமை சொன்னால், அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எட்டு வயது அண்ணன் பேசாமல் காத்திருக்கிறான். சின்ன வயதில் காத்திருக்கத் தெரிந்த பிள்ளைதான் பிற்பாடு முன்னேறும் என்று வேறு படித்தேன். இவளுக்குப் பொறுமையே வராதா? - ஒரு வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை நாலு நாள் தள்ளியா, நாற்பது நாள் தள்ளியா என்று அவளால் இப்போது அளக்க முடியாது. போன வருடம் நடந்ததையும் 'நேற்று' என்று சொல்கிற வயது அது. கிழமையும் கடிகாரமும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடும். அண்ணனோடு ஒப்பிடுவதை முதலில் விடுங்கள்.

நீங்கள் படித்தது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் செய்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். இப்போதே என்றால் ஒரு இனிப்பு, காத்திருந்தால் இரண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லி, எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று பார்த்தார். 2018-ல் வேறு ஆய்வாளர்கள் இதையே இன்னும் நிறையக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது.

பல வருடம் மழலையர் வகுப்பு நடத்திய எனக்கு, செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வுதான் பெரிதாகப் படுகிறது. மொத்தம் 28 குழந்தைகள். நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டுவருவதாக எல்லோரிடமும் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு 'இல்லை' என்று கைவிரித்தார்கள். அப்புறம் அதே இனிப்புச் சோதனை. சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். பெரியவர் பேச்சு பொய்த்த பிறகு, கையில் இருப்பதை உடனே எடுத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

ஆகவே அவளுடைய பொறுமையைச் சோதிக்காதீர்கள். 'இன்னும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்தால்' என்று சொல்லிப் பாருங்கள். காகிதத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, தினமும் ஒன்றை அவளே கிழிக்கட்டும். தூரத்தில் இருக்கிற விஷயம் என்றால், முந்தின நாள் சொன்னாலே போதும். பரிசுப் பொருளைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். மிஷெல் ஆய்விலும் இனிப்பை மூடி வைத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் தாங்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போக முடியாமல் போனால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், வேறு நாள் குறித்துப் புதிதாகக் காகிதம் ஒட்டுங்கள், அன்றைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.