17 வயது மகனுக்கு ஸ்பெயின் ஃபுட்சால் லீக்கில் இடம்: பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகன் இந்தியக் குடிமகன்; 17 வயது நிறைந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சிறு வயதிலிருந்தே ஃபுட்சால் (உள்ளரங்கில் அணிக்கு ஐவர் ஆடும் கால்பந்து) ஆடி நல்ல பெயர் எடுத்திருக்கிறான். ஸ்பெயினின் முதல் பிரிவு ஃபுட்சால் லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் அவனைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, ஒருவர் அந்தக் கிளப்பின் முத்திரையிட்ட கடிதத்தைக் காட்டினார். மொத்தம் 4,500 யூரோ. அதில் 500 யூரோவை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். வயது தடையாகாமலிருக்க, அதே ஊரில் எனக்கு வேலை கிடைத்ததாக ஒரு நியமனக் கடிதமும் ஏற்பாடு செய்வாராம். மீதிப் பணத்தையும் மகனின் அசல் பாஸ்போர்ட்டையும் இந்த மாத இறுதிக்குள் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் மகனின் திறமையைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், 18 வயது நிறையும் வரை ஸ்பெயினில் எந்தப் பிரிவில் ஆடும் ஃபுட்சால் கிளப்பும் அவனைத் தன் வீரனாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்று விதிகளில் 19ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: 18 வயதுக்கு உட்பட்ட ஒருவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது. அந்தப் பதிவு இல்லாத வீரர், பயிற்சியில் எத்தனை கோல் போட்டாலும், லீக் ஆட்டத்தில் களத்தில் கால் வைக்க முடியாது. ஆகவே உங்களிடம் விலை பேசப்படும் பொருள் அந்த மனிதரின் கையில் இல்லை. கிளப்பின் கையிலும் இல்லை.

இதை எடுத்துச் சொன்னால் இடைத்தரகர்கள் வழக்கமாக இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருப்பார்கள். இந்த விதி பதினொருவர் ஆடும் கால்பந்துக்கு மட்டும்தான், ஃபுட்சாலுக்குக் கிடையாது என்பது முதலாவது. அது பொய். ஃபுட்சால் வீரர்களுக்கென்று அதே விதிநூலில் ஒரு தனி இணைப்பு இருக்கிறது. சிறார் பாதுகாப்பு அதிலும் அப்படியே பொருந்தும். உங்கள் மகன் இதுவரை எந்தக் கிளப்பிலும் முறைப்படி பதிவாகவில்லை, எனவே இது மாற்றமே அல்ல, முதல் பதிவுதான், அதற்குத் தடை இல்லை என்பது இரண்டாவது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தில்தான் படித்தவர்கள்கூட விழுகிறார்கள். தன் சொந்த நாடல்லாத நாட்டில் முதன்முறையாகப் பதிவாகும் சிறாருக்கும் அதே தடை உண்டு என்று விதி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் உங்களுக்குச் சம்பந்தமானது ஒன்றே ஒன்று; அதைத்தான் அவர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விளையாட்டோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் ஒரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், உடன் செல்லும் பிள்ளை அங்கே ஒரு கிளப்பில் பதிவாகலாம். அப்பாவுக்கு அங்கே உண்மையாகவே வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறார்கள், போன இடத்தில் பையன் பந்தாடச் சேர்கிறான் என்ற நிலைக்காக எழுதப்பட்ட விலக்கு இது. காரணம் முதலில் வர வேண்டும், கிளப் பிறகு வர வேண்டும். உங்கள் விஷயத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது: கிளப்பின் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது, வேலைக் கடிதம் இனிமேல்தான் தயாராகப் போகிறது.

விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் தேதிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேலை ஒப்பந்தம் என்று கையெழுத்தானது, பணி அனுமதி என்று கிடைத்தது, வீட்டு வாடகைப் பத்திரம் எந்தத் தேதியிட்டது, பையன் அந்தக் கிளப்போடு என்று தொடர்புகொண்டான் என்பவற்றை அடுக்கிப் பார்த்தால் உண்மை தானாகவே தெரிந்துவிடும். பராகுவேயைச் சேர்ந்த ஓர் இளம் வீரரை ஸ்பெயினின் காதிஸ் கிளப் சேர்க்க முயன்றபோது, அவருடைய தாயார் அந்த ஊரில் வேலைக்கு வந்ததைத்தான் காரணமாகக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம்வரை வழக்கு போனது. தாயார் இடம்பெயர்ந்ததே மகனின் கால்பந்துக்காகத்தான் என்று கண்டு, 2005ஆம் ஆண்டில் அந்த மாற்றம் மறுக்கப்பட்டது. உண்மையில் ஓர் ஊரில் போய் இறங்கிய தாயின் நிலையே இதுவென்றால், காகிதத்தில் மட்டும் வேலை பார்க்கப்போகும் உங்களுடைய நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அத்துடன், பொய்யான வேலைக் கடிதத்தைத் தூதரகத்தில் நீட்டினால் அது விளையாட்டு விதிமீறல் என்ற அளவில் நிற்காது, விசா மோசடியாகிவிடும். அதில் கையெழுத்து உங்களுடையதாக இருக்குமே தவிர, அந்தத் தரகருடையதாக இருக்காது.

அவர் இதை விட்டு மாணவர் பரிமாற்றத் திட்டம் என்ற வழியைக் காட்டக்கூடும். அந்த விலக்கு அதிகபட்சம் ஓராண்டுக்கானது. அதிலும் முற்றிலும் அமெச்சூரான, அதாவது தொழில்முறை அணி இல்லாத கிளப்பில் மட்டுமே பதிவாகலாம். முதல் பிரிவுக் கிளப்புக்கு அது உதவாது.

‘பெரிய கிளப்புகள் எப்படியாவது சமாளித்துவிடும்’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். வெளிநாட்டுச் சிறார்களை விதிமீறிப் பதிவு செய்ததற்காக ஃபிஃபா 2014ஆம் ஆண்டில் பார்சிலோனா கிளப்புக்கு இரண்டு பதிவுக் காலங்கள் (கிளப்புகள் புதிய வீரர்களைச் சேர்க்க அனுமதிக்கப்படும் பருவங்கள்) புதிய வீரர்களை எடுக்கத் தடை விதித்தது. மேல்முறையீடு தோற்று, 2015ஆம் ஆண்டு முழுவதும் அந்தத் தடை நடைமுறையில் இருந்தது. 2016 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டும் அட்லெடிகோ மாட்ரிட்டும் இதே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய கிளப்புகளுக்கே இந்தக் கதி என்றால், ஒரு ஃபுட்சால் கிளப் முகமறியாத ஒரு பையனுக்காக இந்த ஆபத்தை ஏற்குமா?

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கிளப்பின் சின்னம் தெளிவாக இருக்கிறது. கீழே முத்திரையின் ஓரம் மட்டும் மங்கலாக, வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி, யார் வேண்டுமானாலும் நொடியில் திறந்துகொள்ளக்கூடிய இலவசச் சேவையில் இருக்கிறது. ‘லாலிகா ஃபுட்சால் முதல் பிரிவு’ என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். லாலிகா என்பது பதினொருவர் கால்பந்துக் கிளப்புகளின் அமைப்பு. அது ஃபுட்சால் லீக் நடத்துவதில்லை. ஸ்பெயினில் 1989ஆம் ஆண்டிலிருந்து தேசிய ஃபுட்சால் லீக் தனியாகவே நடந்து வருகிறது. தான் ஆடும் லீக்கின் பெயரை ஒரு கிளப் தவறாக எழுதாது.

கிளப்பின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பெயின் ஃபுட்சாலில் கிளப்பின் பெயரோடு ஸ்பான்சரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒப்பந்தம் மாறினால் பெயரும் மாறும். 1977ஆம் ஆண்டில் ஹோசே மரியா கார்சியா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய இன்டர் கிளப் முதலில் ‘இன்டர்வியூ’ என்ற இதழின் பெயரைத் தாங்கியிருந்தது. பிற்காலத்தில் மோவிஸ்டார் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்டது. முர்சியாவின் எல்போசோ, கார்த்தஹேனாவின் ஜிம்பீ ஆகியவையும் நிறுவனங்களின் பெயர்களே. உங்கள் கடிதத்தில் இருப்பது அந்தக் கிளப் முன்பே விட்டுவிட்ட ஸ்பான்சரின் பெயர். பழைய கடிதத்தாள் ஒன்றை இணையத்தில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் கீழ்ப்பிரிவுகளில் ஆடும். அதே பெயரை வைத்துக் கட்டணப் பயிற்சி முகாம்களும் நடக்கும். முகாமில் இரண்டு வாரம் ஓடவிட்டு, ‘உங்கள் மகன் முதல் பிரிவுக் கிளப்பில் இருந்தான்’ என்று படம் எடுத்துக் கொடுப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. பணம் கொடுத்துப் பயிற்சி பெறுவதில் தவறில்லை. அதை ஒப்பந்தம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

முதல் பிரிவில் இருப்பவை 16 கிளப்புகள். ஒவ்வொன்றும் 30 ஆட்டங்கள் ஆடும். முதல் 8 இடங்களில் வருபவை சாம்பியன் பட்டத்துக்கான நாக் அவுட் சுற்றுக்குப் போகும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு கிளப் 14 பேரைத்தான் பட்டியலிட முடியும். 16 கிளப்புகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு வாரத்தில் 224 இடங்கள். அந்த லீக்கில் ஆடும் பால்மா அணி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருக்கிறது. அப்படிப்பட்ட வீரர்கள் நிறைந்த லீக் அது. அந்த 224 இடங்களுக்கு ஸ்பெயினில் வளர்ந்தவர்களும், பிரேசில், அர்ஜென்டினா, போர்ச்சுகல் வீரர்களும் போட்டி போடுகிறார்கள். இதில் ஓர் இடத்தை 4,500 யூரோவுக்குக் கொடுக்க எந்தக் கிளப்புக்கும் அவசியம் இல்லை. கிளப் வீரருக்குச் சம்பளம் கொடுக்கும்; வீரரிடமிருந்து பணம் வாங்காது.

‘பிரேசில் பையன்கள் வருகிறார்களே’ என்றால், அவர்களுக்கு இருக்கும் வசதி உங்கள் மகனுக்கு இல்லை. பலரிடம் முன்னோர் வழியில் கிடைத்த இத்தாலி, போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருக்கும். அது இல்லாதவர்களும் ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகள் சட்டப்படி வசித்தாலே குடியுரிமை கேட்கலாம். இந்தியர்களுக்கு அதுவே பத்து ஆண்டுகள்.

அந்த மனிதர் ஏஜென்ட்தானா என்பதையும் பாருங்கள். ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனிநபர் மட்டுமே வீரர்களின் ஏஜென்டாகச் செயல்படலாம். உரிமம் பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் ஃபிஃபாவின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அவருடைய முழுப்பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உரிமம் உள்ளவரேகூட, தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஒரு சிறாருக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது.

இவ்வளவு தெளிவான விதிகள் இருந்தும் உங்களைப் போன்ற பெற்றோருக்கு இவை எட்டாமல் இருப்பது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. விதிநூல் சட்ட மொழியில், நூறு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. பெற்றோருக்காக, அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் ஒரே ஒரு பக்கம் எழுதி வெளியிட எந்தக் கூட்டமைப்புக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஏஜென்ட் கட்டணத்துக்கு ஃபிஃபா கொண்டுவந்த உச்சவரம்பும் ஐரோப்பிய நீதிமன்ற வழக்குகளால் 2023 டிசம்பர் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இனி, 18 வயது நிறைந்த பிறகு உள்ள நேர்வழியைச் சொல்கிறேன். முதலில் உங்கள் மகனை இங்கேயே ஒரு கிளப்பில், அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவு முறையில் சேருங்கள். கூட்டமைப்பு 2021ஆம் ஆண்டிலிருந்து தேசிய அளவில் ஃபுட்சால் கிளப் சாம்பியன் போட்டி நடத்துகிறது. அதில் அவன் ஆடிய ஆட்டங்களின் முழுநீளப் பதிவுதான் வெளிநாட்டுக் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் மதித்துப் பார்க்கும் ஆவணம். பின்னணி இசையோடு வெட்டித் தொகுத்த இரண்டு நிமிடக் காட்சியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பந்து இல்லாத நேரத்தில் பையன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் ஃபுட்சால் பயிற்சியாளர் பார்ப்பார். ஒரு கிளப் அவனை விரும்பினால், இந்தியக் கூட்டமைப்பிடமிருந்து ஸ்பெயின் கூட்டமைப்புக்கு சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போகும். அது கூட்டமைப்புகளுக்கு இடையே நடக்கும் வேலை; தனிமனிதர் கையில் வாங்கிக்கொண்டு போகும் காகிதம் அல்ல.

விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான, சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவில் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்கலாம். அதை வைத்துச் சம்பளத்துக்கு ஆடக் கூடாது. பணி அனுமதிக்கு வேலை கொடுப்பவர்தான் ஸ்பெயினில் விண்ணப்பிக்க வேண்டும். முழுநேர ஒப்பந்தத்தின் சம்பளம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. 2025ஆம் ஆண்டில் அது ஒரு தவணைக்கு 1,184 யூரோ, ஆண்டுக்கு 14 தவணையாக இருந்தது. கீழ்ப்பிரிவுக் கிளப்புகள் பலவற்றில் வழிச்செலவுக்கு மட்டுமே பணம் கிடைக்கும். உள்ளூர் வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஆடுவார்கள். அப்படிப்பட்ட கிளப்பின் அன்பான அழைப்பை வைத்துப் பணி விசா பெற முடியாது.

இப்போது நீங்கள் உடனே செய்ய வேண்டியது: அந்தக் கிளப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள முகவரிக்கு, கடிதத்தின் படத்தை இணைத்து, இது உங்களுடையதா என்று ஒரு வரியில் கேளுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், எடுப்பவரும் அவருடைய ஆளாகவே இருப்பார். கொடுத்த 500 யூரோவைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பணம் அனுப்பிய ரசீதையும், அவரோடு நடந்த எல்லாச் செய்திப் பரிமாற்றங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் வராவிட்டால் காவல்துறையில் புகார் கொடுக்க அவை வேண்டும். பாஸ்போர்ட்டின் அசலை எந்தக் காரணம் சொன்னாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். நகலை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தத் தகவலையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.