மறு: அப்பாவின் மூலவியாதிக்கு டெட்டோல் தண்ணி

தங்கச்சி, அப்பாவுக்கு 62 வயசு, மூலம் வீங்கி ரத்தமும் போகுது, பேசன் சுடுதண்ணியில டெட்டோல் விட்டு இருத்த எரிவு கூடுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். முதல் அந்த டெட்டோலை நிப்பாட்டுங்கோ. வெறும் இளஞ்சூட்டுத் தண்ணி காணும். உங்கட முழங்கையை வைச்சுப் பாருங்கோ, சுடக்கூடாது. நாளுக்கு ரெண்டு மூண்டு தரம், வெளிக்குப் போய் வந்த கையோட கட்டாயம், 10–15 நிமிஷம். பிறகு துவாயால உரஞ்சாமல் ஒத்தி எடுங்கோ. எழும்பேக்க தலை சுத்தலாம், பக்கத்தில நில்லுங்கோ.

இசப்கோல் (மலத்தை இளக்கிற நார்த்தூள்) குடுத்தால் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணியோட குடுங்கோ; தண்ணி குறைஞ்சால் மலம் இன்னும் இறுகும். நார்ச்சத்துக்குக் கீரையும் பப்பாசியும் குடுங்கோ, கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில அதுகளுக்குக் குறையில்லை. டொய்லெட்டுக்குள்ள கனநேரம் இருக்கக் கூடாது, போன் வேண்டாம் (சண்டை வரும், வரட்டும்). நோவுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) போடலாம். கொடின் எண்ட மருந்து கலந்த நோக்குளிசை வேண்டாம், அது மலச்சிக்கலைக் கூட்டும். ஸ்டீரொயிட் களிம்பை டொக்டரைக் கேளாமல் ஒரு கிழமைக்கு மேல பூசாதேங்கோ.

ரத்தம் மூலத்தாலதான் எண்டு நீங்களே முடிவெடுக்க வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயிலயும் ரத்தம் போகும், இந்த வயசில சர்ஜன் ஒருக்காப் பார்க்கத்தான் வேணும். தார் மாதிரிக் கறுத்த மலம், நிக்காத ரத்தம், மயக்கம் எண்டால் கிளினிக் நாள் பார்க்காமல் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போங்கோ.