லிமாவில் நான்கு நாள்: சாப்பாடு, இரவு, பக்கத்து ஊர்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மாச்சு பிச்சு பார்க்கத்தான் பெரு போகிறோம். ஏஜென்ட் லிமாவுக்கு ஒரே ஓர் இரவுதான் போட்டிருக்கிறார். போதுமா?
(சென்னை வாசகர்)

போதாது. அவரிடம் பேசி நான்கு நாளாக மாற்றச் சொல்லுங்கள். மூன்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். விமானம் மாறுகிற ஊர் என்று நினைத்தே பலர் லிமாவைத் தவறவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

போகுமுன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது, லிமா தெற்கே 12 பாகையில். அப்படியானால் நம் ஊர் வெயில்தானே என்று மெல்லிய சட்டையோடு ஜூலையில் போய் இறங்கினால் நடுங்க வேண்டியதுதான். தெற்கிலிருந்து கரையை ஒட்டி ஓடிவரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம்தான் காரணம். மீனை வாரிக் கொடுப்பதும் அது, மழையைத் தடுத்து ஊரைப் பாலைவனமாக வைத்திருப்பதும் அது, மாதக்கணக்கில் வானத்தைச் சாம்பல் நிறத்தில் மூடி வைப்பதும் அதுவே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்வெட்டர் வேண்டும்.

செவிச்சே என்பது பச்சை மீனாமே? நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?
(தூத்துக்குடி வாசகி)

பச்சை மீன்தான். ஆனால் நீங்கள் தூத்துக்குடிக்காரர், நல்ல மீன் எது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிராஃப்ளோரெஸ் பகுதிக்குப் பக்கத்திலேயே சுர்கீயோ சந்தை இருக்கிறது. அங்கே ஒரு கடையின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள். மீனைக் கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டு போடுவார்கள். முதலில் உப்பு. அப்புறம் நறுக்கிய மிளகாய். எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை பிழிய மாட்டார்கள், ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முழுக்கப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். ஒரு கிளறு கிளறி, மேலே மெல்லிசாக அரிந்த சிவப்பு வெங்காயம், பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பெரிய மணிச் சோளம், வறுத்த சோளம். நான்கைந்து நிமிடத்தில் தட்டு உங்கள் முன்னால். முன்காலத்தில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். இப்போது மீனின் ஓரம் மட்டும் வெளுத்தால் போதும் என்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் தேங்கும் வெள்ளைச் சாற்றுக்குப் புலிப்பால் என்று பெயர். அதைக் குடிக்காமல் எழுந்தால் கடைக்காரரின் முகம் வாடிவிடும்.

எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தைத்தான் மாற்றும், கிருமி எல்லாவற்றையும் கொல்லாது. 1991ல் பெருவில் காலரா பரவியபோது மக்கள் செவிச்சே பக்கமே போகப் பயந்தார்கள். ஆகவே கூட்டம் உள்ள கடையில், மதியம் மட்டும் சாப்பிடுங்கள். காலையில் வந்த மீன் மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்க் கணக்கு. நல்ல செவிச்சே கடைகளில் பலவும் மாலை நான்கு, ஐந்து மணிக்குள் அடைத்துவிடும். இரவு எட்டு மணிக்குப் போய்த் தேடாதீர்கள். கர்ப்பிணிகளும் வயிறு பலவீனமானவர்களும் தவிர்ப்பது நல்லது.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் இல்லை. பட்டினி கிடக்க நேருமா?
(மயிலாடுதுறை வாசகர்)

நேராது. ஆனால் ஆர்டர் செய்யும்போது கவனம் வேண்டும். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் பேச்சில் கார்னே என்றால் பெரும்பாலும் சிவப்பு இறைச்சி. ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஊவோ’ என்று இறைச்சி, கோழி, மீன், முட்டை நான்கையும் வரிசையாகச் சொல்லுங்கள். சூப்பை விட்டுவிடுங்கள், எலும்பு வேகவைத்த நீர் இல்லாத சூப் அபூர்வம்.

இனி சாப்பிடக் கூடியவை. உருளைக்கிழங்கின் தாய்வீடு ஆண்டிஸ் மலை. சர்வதேச உருளைக்கிழங்கு ஆய்வு மையம் 1971 முதல் லிமாவில்தான் இருக்கிறது. மஞ்சள் மிளகாய், பாலாடைக்கட்டி, பால், பிஸ்கட் சேர்த்து அரைத்த சாற்றை வேகவைத்த கிழங்கின்மேல் ஊற்றித் தருவது பாப்பா ஆ லா வான்காயினா. மேலே வைக்கும் முட்டைத் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மசித்த கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து அடுக்கும் காவ்சாவை அவகாடோ வைத்துக் கேட்கலாம், மயோனைஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை மதியம் வீடுகளிலும் சிறு உணவகங்களிலும் பருப்பும் சோறும் போடுவது அங்கே பழைய வழக்கம். அதில் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய நாள் சோற்றையும் பீன்ஸையும் பிசைந்து தோசைக்கல் மாதிரியான சட்டியில் முறுகவிடும் தாக்கு தாக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பன்றிக் கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் போடச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சாதாரண உணவகத்தில் 15 முதல் 25 சோல் ஆகும். ஒரு சோலுக்கு 25 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனிப்புக்கு பிகரோனெஸ். பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவை, தண்ணீர் தொட்ட விரலால் எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுகிறார்கள். உளுந்துவடை தட்டும் கையேதான். நீளமான குச்சியால் திருப்பிப் போட்டு எடுத்து, சன்காக்கா பாகை ஊற்றுவார்கள். சன்காக்கா என்பது நம் வெல்லம், வேறொன்றும் இல்லை. கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சியிருப்பார்கள். முதல் கடியில் என் பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. சந்தையில் சிரிமோயா பழம் கிடைத்தால் விடாதீர்கள், நம் சீதாப்பழத்தின் நெருங்கிய உறவு அது.

உலகின் சிறந்த உணவகம் லிமாவில் என்று படித்தேன். அங்கே கட்டாயம் போக வேண்டுமா?
(பெங்களூரு வாசகர்)

2023ல் சென்ட்ரல், 2025ல் மைதோ என இரண்டு லிமா உணவகங்கள் ‘உலகின் 50 சிறந்த உணவகங்கள்’ பட்டியலில் முதலிடம் பிடித்தன. பணம் இருந்து, பல வாரம் முன்பே பதிவு செய்ய முடிந்தால் போங்கள். இல்லாவிட்டால் குறையில்லை. அந்தப் பணத்தில் பத்து நாள் சந்தையிலும் சீஃபாவிலும் சாப்பிடலாம். 1849 முதல் கூலிகளாக வந்த சீனர்கள் தொடங்கிய உணவகங்களுக்குத்தான் சீஃபா என்று பெயர். நகர மையத்தில் கப்போன் தெருவுக்குப் போனால் வாசனையே வழி காட்டும்.

கணவரும் நானும் குடிப்பதில்லை. எங்களுக்கு லிமாவில் இரவு வாழ்க்கை என்று ஏதாவது உண்டா?
(திருச்சி வாசகி)

நிறைய. பர்ராங்கோ பகுதிக்குப் போங்கள். பழைய மாளிகைகள், சுவரெல்லாம் ஓவியம், கடலை நோக்கி இறங்கும் பாதை. அங்கே ‘பெருமூச்சுகளின் பாலம்’ என்று ஒரு சிறிய மரப்பாலம் இருக்கிறது. முதல்முறை கடப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதாவது வேண்டிக்கொண்டு நடந்தால் பலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

ஏழு, எட்டு மணிக்கு அங்கே தெரு ஓரத்தில் ஆன்டிகூச்சோ புகை கிளம்பும். மிளகாயும் வினிகரும் தடவிக் கம்பியில் கோத்துச் சுடும் மாட்டு இதயம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைமணத்தோடு சேர்த்துப் பேசப்படும் உணவு. சாப்பிடாதவர்கள் பக்கத்து வண்டியில் எமோலியெந்தே குடிக்கலாம். பார்லி, ஆளிவிதை, மூலிகைகள் கொதிக்கவைத்த சூடான கஷாயம், பனிமூட்ட இரவுக்கு அவ்வளவு இதம்.

முக்கியமான இடம் பேன்யா. பாட்டும் ஆட்டமும் சாப்பாடும் சேர்ந்த அரங்கு என்று சொல்லலாம். வெள்ளி, சனி இரவில் போங்கள், பத்து மணிக்குமுன் களைகட்டாது. அதனால் மாலையில் ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். அங்கே காஹோன் வாசிப்பவரின் கைகளைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அது வெறும் மரப்பெட்டி. அதன்மேலேயே உட்கார்ந்து, குனிந்து, முன்பலகையைத் தட்டுகிறார். நடுவில் தட்டினால் கனத்த ஒலி, மேல் விளிம்பில் விரல் பட்டால் சடசடவென்று மழைத் தூறல். கறுப்பின மக்கள் சரக்குப் பெட்டிகளை வாத்தியமாக்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பெட்டி இன்று ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மேடை வரை போயிருக்கிறது. இந்தக் கடலோர மக்களின் பாட்டுக்குக் கிரியோல் என்று பெயர். அக்டோபர் 31 கிரியோல் பாட்டு நாள், அன்று ஊரே பாடும்.

குடிக்க சிச்சா மொராதா கேளுங்கள். கருஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு வேகவைத்த பானம், மது இல்லை. கூட வரும் நண்பர் சைவராக இருந்து, பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்தில் கலக்கும் பிஸ்கோ சவர் மட்டும் ருசி பார்க்க ஆசைப்பட்டால், அதில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு உண்டு என்று சொல்லிவிடுங்கள். சில்கானோ என்ற இன்னொரு பிஸ்கோ பானத்தில் அது இல்லை.

பாதுகாப்பு எப்படி? செய்திகள் பயமுறுத்துகின்றன.
(சேலம் வாசகர்)

செய்தி பொய்யில்லை. பணம் பறிக்கும் கும்பல்களின் அட்டகாசத்தால் 2025 அக்டோபரில் லிமாவிலும் பக்கத்துத் துறைமுக ஊரான கல்யாவோவிலும் அரசு அவசரநிலையே அறிவித்தது. அவர்களின் குறி பெரும்பாலும் உள்ளூர் பஸ் ஓட்டுநர்களும் கடைக்காரர்களும்தான். சுற்றுலாப் பயணிக்கு வரும் ஆபத்து செல்போன் பறிப்பு. எனக்கே நடந்தது: சிக்னலில் நின்ற டாக்ஸியின் ஜன்னல் திறந்திருந்தது, மடியில் வைத்திருந்த போனை ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று விநாடிகூட ஆகவில்லை. அதிலிருந்து காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

மிராஃப்ளோரெஸ், பர்ராங்கோவில் தங்குங்கள். இருட்டியபின் ஆப் வழியாக வண்டி பிடியுங்கள். தெரு டாக்ஸியில் மீட்டர் கிடையாது. பழைய நகர மையத்தைப் பகலிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

காலையில் போய் இரவுக்குள் திரும்பும்படி எங்கெங்கே போகலாம்?
(மதுரை வாசகர்)

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பச்சகாமாக். தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம், அரை நாள் போதும். இன்காக்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே குறி கேட்கும் தலமாக இருந்த இடம். 1533ல் ஸ்பானியப் படையோடு எர்னாந்தோ பிசாரோ தங்கம் தேடி அங்கே வந்தார். அருங்காட்சியகத்தில் இரண்டு முகம் செதுக்கிய மரச்சிலை ஒன்று உண்டு, 1938ல் கிடைத்தது. மண் கோவில்கள் இத்தனை காலம் கரையாமல் நிற்பதற்குக் காரணம் மழை இல்லாமைதான். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

உங்களுக்கு வரலாற்றில் நிஜமான ஆசை இருந்தால் ‘காரால்’ (Caral) என்ற இடத்துக்குப் போங்கள். வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர், போக வர ஏழெட்டு மணி நேரம், கடைசிப் பகுதி மண் ரோடு. இடுப்பு நோகும். ஆனால் ஐந்தாயிரம் ஆண்டு பழைய நகரம் அது. எகிப்தில் பிரமிடு எழுந்த காலத்தில் இங்கேயும் எழுந்தது. பெருவின் தொல்லியலாளர் ரூத் ஷாடி தலைமையில் தோண்டினார்கள், 2009ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. சுவர் இடிந்த இடத்தில் உள்ளே குனிந்து பாருங்கள். கோரையில் பின்னிய வலைப்பைகளில் கல்லை நிரப்பி, பை பையாக அடுக்கியிருப்பார்கள். நிலநடுக்கம் வந்தால் பைகள் அசைந்து கொடுக்கும், மேடை சரியாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மண்பாண்டம்கூடச் செய்யாத மக்கள் யோசித்த வழி இது.

தெற்கே கடலோரத்தில் இருக்கும் பராக்காஸும் அதை ஒட்டிய பயெஸ்தாஸ் தீவுகளும் ஒரே நாளில் முடியும் என்று விற்பார்கள். நான்கு மணி நேரம் போக, நான்கு மணி நேரம் வர. பென்குவின், கடல்சிங்கம் பார்க்கும் படகுகள் காலையில்தான் கிளம்பும், பிற்பகலில் காற்று தூக்கிவிடும். ஆகவே ஓர் இரவு தங்குங்கள்.

லிமாவிலிருந்து ஒரே நாளில் மாச்சு பிச்சு?
(ஈரோடு வாசகர்)

வேண்டாம். மாச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் உள்ள கூஸ்கோ நகரமே 3,400 மீட்டர் உயரம், அதற்கே உடம்பு பழக ஒரு நாள் வேண்டும்.

ஊசி ஏதாவது போட வேண்டுமா?
(திண்டுக்கல் வாசகி)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. லிமாவில் மட்டும் சுற்றுபவர்களுக்கு அங்கே கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். பெரு அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்களுக்கு ஆகஸ்ட்டில்தான் விடுமுறை. வெயிலே வராது என்கிறார்கள். பயணத்தைத் தள்ளிவைக்கலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

தள்ளிவைக்காதீர்கள். வெயிலில் வருகிறவர்கள் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்ப்பீர்கள். லிமாவின் இரு பக்கமும் கடலோரக் குன்றுகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மண் நிறத்தில் கிடக்கும். குளிர்காலத்தில் கடல் மூட்டம் வந்து மோதும்போது அந்தக் குன்றுகள் மட்டும் பச்சையாகிவிடும். லோமாஸ் என்பார்கள். வடக்கே நூறு கிலோமீட்டரில் லச்சாய் காப்புக்காடு, தெற்கே பச்சகாமாக் அருகே லூகுமோ. பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், களிமண் வழுக்கும்.

லச்சாயில் தாரா மரத்தடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மழை இல்லை, ஆனால் தோள் நனையும். மூட்டம் இலையில் படிந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மரத்தின் நிழல் அளவுக்கு மட்டும் தரை ஈரமாக, புல் முளைத்து இருக்கும். லிமாவின் தெற்குக் குன்றுகளில் குழாய்த் தண்ணீர் எட்டாத வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்தே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் மூட்டம் அதில் படியும், காலையில் பீப்பாயில் தண்ணீர் இருக்கும்.