பிள்ளை பத்திரமா? பள்ளிக்கூடம் சொல்ல வேண்டியதும் நாம் கேட்க வேண்டியதும்

பள்ளிப் பாதுகாப்பு, பள்ளி மேம்பாட்டுப் பணிகள் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போறோமுங்க. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டாங்க. போன மாசம் பையனுக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து ஆறு தடவை கூப்பிட்டிருக்காங்க. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சுதான் பார்த்தோம். இதுக்கு என்ன வழிங்க? (திருப்பூர்)

முதலில், பள்ளியில் உங்கள் எண் எதுவென்று இருக்கிறது என்று பாருங்கள். எமிஸ் என்னும் கல்வித்துறையின் கணினிப் பதிவில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது கொடுத்த எண்ணே பல வருடங்களாக அப்படியே கிடக்கும். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், அல்லது ஊரில் இருக்கும் தாத்தாவிடம் போயிருக்கும். வகுப்பாசிரியரிடம், "எங்க நம்பரை ஒருதடவை வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, மூன்று எண்களை வரிசை போட்டு எழுதிக் கொடுங்கள். முதல் எண் உங்களுடையது. இரண்டாவது, பகலில் வீட்டில் இருக்கிற ஒருவருடையது: அம்மாயியோ, பக்கத்து வீட்டு அக்காவோ. மூன்றாவது எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் கம்பெனியின் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு பார்க்கும் அலுவலகம்) எண். வெறும் பெயரைச் சொன்னால் நூற்றுக்கணக்கானவர்களில் உங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் செக்கிங்கா, கட்டிங்கா, எந்த லைன், டோக்கன் நம்பர் என்ன என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஷிப்ட் மாறினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அதே தாளில், பிள்ளையை அழைத்துப்போக யாருக்கெல்லாம் அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்து நின்றால், சொந்த மாமாவே ஆனாலும், பள்ளி உங்களைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா அனுப்பிச்சாங்க" என்று வருகிறவருக்கு அந்தச் சொல் தெரியாவிட்டால் போகக்கூடாது என்று பையனுக்குச் சொல்லி வையுங்கள்.

பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய உறுதி ஒன்று உண்டு. தகவல் சொல்லாமல் பிள்ளை வராமல் இருந்தால், முதல் பாடவேளைக்குள் அழைப்பு வர வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை வந்து சேரவில்லை என்பது மதியம் தெரிந்தால் தேடுவதற்கான நேரம் போய்விட்டது என்றுதான் பொருள். திருப்பூரில் பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குத் தமிழ்ச் சுற்றறிக்கை போய்ச் சேராது. அவர்கள் மொழியில் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் போதும். அதே மொழி பேசும் ஒரு பெற்றோரைப் பேசச் சொன்னால் வேலை முடிந்தது.

பள்ளி வேன்ல பிள்ளைகளை அடைச்சு ஏத்தறாங்க. கேட்டா "எஃப்.சி. எல்லாம் கரெக்டா இருக்குதுங்க"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க. நாங்க எதைப் பார்க்கணும்? (பொள்ளாச்சி அருகே)

எஃப்.சி. என்கிற வண்டியின் தகுதிச் சான்று ஒரு நாள் சோதனையின் முடிவு. அதற்குப் பிறகு வண்டி எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. 2022-ல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்ததை அடுத்து, முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று விதி நீண்டது. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போலீஸ், கல்வித்துறை அலுவலர்கள் கூடி வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் ஜூனில் சரியாக இருந்தது நவம்பர் மழைக்குப் பிறகும் சரியாக இருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

வண்டி எண்ணைக் கைபேசியில் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை என்று காட்டும். எத்தனை இருக்கை என்பது ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருக்கும். ஒரு நாள் காலையில் ஏறுகிற பிள்ளைகளை எண்ணிப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்தக் கணக்கோடு போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

பிறகு வண்டிக்குள் ஏறிப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கினால், படிக்கட்டுப் பக்கமும் சக்கரத்துக்கு மேலேயும் துரு அரித்திருக்கும். மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். காலால் அழுத்தினால் தகடு அமுங்கக் கூடாது. அவசர வழிக் கதவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை விட்டு உள்ளிருந்து திறக்கச் சொல்லுங்கள். பெரியவர் திறந்து காட்டுவது கணக்கில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் கூடுதல் இருக்கையோ பை அடுக்கோ இருந்தால் அதை எடுக்க வேண்டும். தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா, இழுத்து எடுக்கும் பின்னின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, கடைசியாக சர்வீஸ் செய்த தேதி என்ன என்று பாருங்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் உள்ளே இருக்கும் பொடி அடியில் போய் இறுகிவிடும். ஊசி பச்சையில் இருந்தாலும் பொடி வெளியே வராமல் போகலாம். அவ்வப்போது உருளையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

விபத்து வண்டி ஓடும்போது மட்டும் நடப்பதில்லை, இறங்கும்போதும் நடக்கிறது. வண்டியின் மூக்கிலிருந்து சுமார் 10 அடி வரை, குட்டிப் பிள்ளை நின்றால் ஓட்டுநருக்குத் தெரியாது. இறங்கிய பிள்ளை முன்பக்கமாகக் குறுக்கே ஓடும், அல்லது விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சக்கரத்தருகே குனியும். அதனால் உதவியாளர் முதலில் இறங்க வேண்டும். பிள்ளையைச் சாலையைத் தாண்டவிட்டு, கை காட்டிய பிறகே வண்டி நகர வேண்டும். டிரிப் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். தூங்கிப்போன எல்.கே.ஜி. பிள்ளை உள்ளேயே பூட்டப்படுவது அந்த நடை இல்லாததால்தான்.

ஓட்டுநர், உதவியாளர் பெயர், வண்டி எண், நிறுத்தம் வரும் நேரம் ஆகியவற்றைப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தில் தர வேண்டும். வண்டியோ ஓட்டுநரோ மாறினால் அன்று காலையிலேயே செய்தி வர வேண்டும். தெரியாத வண்டியில் பிள்ளையை ஏற்றாமல் நிறுத்தி வைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒன்றியப் பள்ளியில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் விரிசல் விட்டிருக்கிறது. "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். பயப்படலாமா? (உடுமலை அருகே)

விரிசலின் திசையைப் பாருங்கள். கூரை காங்கிரீட்டுக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் நேராக ஓடினால், அது பெரும்பாலும் வெயிலில் கூரை விரிந்து சுவரைத் தள்ளுவதால் வருவது. மழைநீர் இறங்காமல் அடைத்தால் போதும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கீழிறங்கினால் அடித்தளம் அசைகிறது. உங்கள் பக்கம் கரிசல் மண் உண்டு. மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, சுவரைத் தூக்கி இறக்கும். மாசி, பங்குனியில் வாய் திறந்து ஐப்பசியில் மூடுகிற விரிசல் அதுதான். அடைத்துப் பூசினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும்.

வளர்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்துவிட்டது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு மாதம் ஒருமுறை தேதி போட்டு வந்தால் நீளமும் தெரியும். அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அளவில்லாத படத்தைப் பார்த்து எந்தப் பொறியாளராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சுவர் விரிசலைவிடக் கூரையின் அடிப்பக்கம் அவசரமானது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருமனாகும், பருமனாகி வெளியே இருக்கும் காங்கிரீட்டைப் பிளக்கும். முதலில் பழுப்புக் கறை, பிறகு கம்பி ஓடும் வழியே நேர்க்கோட்டு வெடிப்பு, பிறகு பத்தைபத்தையாக உதிர்தல். கம்பால் தட்டினால் டொப்பென்று பொள்ளல் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அறையைப் பூட்டி, வகுப்பை மாற்றச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுக் கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை விட்டுவிடக்கூடாது. சாய்ந்த சுற்றுச்சுவர் 6 அடி உயரம் என்றால், இருபுறமும் 9 அடிக்கு யாரும் போகாதபடி கயிறு கட்டுங்கள்.

யாரிடம் எழுதுவது என்பதில்தான் பல மனுக்கள் அலைகின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்குப் பொதுப்பணித்துறை. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் அந்தந்த உள்ளாட்சி. தனியார் பள்ளியில் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பில் உள்ளனவா என்று கேளுங்கள்.

பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். வாசலில் ஒரே நெரிசல். பள்ளி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? (கோவை)

சொல்லியிருக்க வேண்டும். இப்படி நாலு வரி போதும்:

"காலை 10.40. பள்ளிக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்துள்ளது. போலீஸ் சோதனை நடக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் ஆசிரியர்களோடு மைதானத்தில் இருக்கிறார்கள், யாருக்கும் காயமில்லை. வாசலுக்கு வர வேண்டாம். அடுத்த செய்தி 11.15-க்கு இதே எண்ணிலிருந்து வரும்."

இதில் உயிரான வரி கடைசி வரிதான். 11.15-க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "சோதனை தொடர்கிறது, அடுத்து 11.45" என்று அனுப்ப வேண்டும். அந்த நேரம் தவறினால் வதந்தி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அறிவிப்புக்கென்று தனிக் குழு இருக்கட்டும், அதில் பள்ளி மட்டும் எழுதட்டும். பெற்றோர் பேசிக்கொள்ள வேறு குழு வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். நம் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாசலை அடைக்காமல் இருப்பது. தீயணைப்பு வண்டியும் 108-ம் நுழைய அதே ஒரு வழிதான் இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடறாங்க. எவ்வளவு பணம் வந்துச்சு, என்ன வேலை நடந்துச்சுன்னு தெரியலைங்க. (கோபி)

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் பணத்தின் செலவைக் கண்காணிப்பதும் உங்கள் வேலையென்றே சட்டம் சொல்கிறது. எனவே தீர்மானப் புத்தகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள்.

சமக்ர சிக்ஷா என்னும் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தின் அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. "கழிப்பறைக்குக் காசில்லை" என்றால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். புதுக் கட்டடம் என்றால் பணியின் பெயர், மதிப்பு, ஒப்பந்ததாரர், தொடங்கிய, முடிய வேண்டிய தேதிகள் பலகையில் இருக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் வேலை நடக்கவில்லை" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால் நழுவ இடமுண்டு, ஆவணம் கேட்டால் அவ்வளவு எளிதில் நழுவ முடியாது.

அமெரிக்காவுல பேரன் பள்ளிக்கூடத்துல "லாக்டவுன் டிரில்"னு மெசேஜ் வந்துச்சுன்னு மக சொன்னாளுங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. (பெருந்துறை)

அம்மா, டிரில் என்றால் ஒத்திகை. ஆபத்து எதுவும் நடக்கவில்லை. லாக்டவுன் என்றதும் நமக்கு 2020 கொரோனாதான் ஞாபகம் வரும். அங்கே அதன் பொருள் வேறு. பல பள்ளிகளில் ஐந்து சொற்களை வைத்திருக்கிறார்கள். "ஹோல்டு" என்றால் வகுப்பறையை விட்டு வெளியே வராதே. "செக்யூர்" என்றால் ஆபத்து வெளியே, வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் பாடம் நடக்கும். "லாக்டவுன்" என்றால் ஆபத்து உள்ளே, அறையைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாமல் இரு. "இவாக்குவேட்" வெளியேறு, "ஷெல்டர்" புயல் போன்றவற்றிலிருந்து ஒதுங்கு. அடுத்த முறை மகள் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கேளுங்கள், பாதிக் கவலை அதிலேயே தீரும்.

அங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது நம் கல்வி மாவட்டம் போல அரசு அலுவலகத்தின் ஒரு பிரிவு அல்ல. பெரும்பாலும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி அமைப்பு. பெரிய கட்டட வேலைக்குக் கடன் பத்திரம் வெளியிட, பல மாநிலங்களில் ஊராரிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். அதனால் எதற்குச் செலவு, எவ்வளவு முடிந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆசிரியர் ஒருவர் மீது புகார். "பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம், வெளியே சொல்லாதீங்க" என்கிறார்கள். (ஊர் வேண்டாம் என எழுதியவர்)

பாலியல் குற்றம் என்றால் பேசித் தீர்க்க இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, கல்வித்துறையின் உதவி எண் 14417-க்கோ இன்றே பேசுங்கள். பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஒருமுறை சொன்னதைத் தேதியோடு, பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். மற்றப் பெற்றோருக்குப் பள்ளி சொல்ல வேண்டியது, புகார் வந்தது, போலீசுக்குப் போயிற்று, அந்த ஆசிரியர் பள்ளியில் இல்லை என்பதை மட்டும். பிள்ளையின் பெயரோ வகுப்போ வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போற இட்டேரியை ஒட்டி மதில் இல்லாத கிணறு இருக்குதுங்க. தோட்டத்துக்காரர் காதுல போட்டுக்க மாட்டேங்கறார். (காங்கேயம்)

வழியை ஒட்டிய கிணற்றுக்கு வேலி போடச் சொல்லி உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ல் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-வது பிரிவு. வழியிலிருந்து கிணற்று விளிம்பு எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுத்து, சர்வே எண், அந்த வழியில் நடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு மனு எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு வரும் வரை, கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட ஊராட்சியில் கேளுங்கள்.